ரூ

என் பெட்டியில் ரூ பதினொன்றுதான்.
அரிசி விலைக்கு ஒன்பது போய்விடும்,
வெள்ளிக்கிழமை என்றால் பத்து.
மிச்சத்தில்தான்
அமெரிக்க அதிபர் பிழைக்க வேண்டும்.
அவர் பெயரும் ரூவில்தான் ஆரம்பம்.

மொகல் தெரு மாடியில்
ஏகாம்பர முதலியார் வாரம் இரண்டு பத்தி எழுதுகிறார்:
'சீர்திருத்தச் சிங்கத்தின் சரித்திரம்.'
நான் கோக்கிறேன்.
ஈயத்தில் எல்லோரும் தலைகீழ்தான்.

முதல் வாரம்: மூச்சிழுப்புக்காரப் பிள்ளை,
ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கினவர்.
இரண்டாம் வாரம்: ஒரே நாளில், ஒரே வீட்டில்
தாயும் போனாள், பெண்டாட்டியும் போனாள்.
முதலியார் அதை ஒரு வரியில் தாண்டினார்.
அந்த ஒரு வரியில் எனக்கு 'ம்' தீர்ந்துவிட்டது,
பக்கத்து அச்சாபீசில் கடன் வாங்கி வந்தேன்.

மாடு மேய்த்தார், பிறகு போலீசை மேய்த்தார்
(இது முதலியாரின் வேடிக்கை),
கவர்னரானார்,
மேலிருந்தவரை எவனோ சுட, மேலே போனார்.
ஐந்தாம் வாரம் ரயில் கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தார்.
நிலக்கரி முதலாளிகளையும் கூலிக்காரர்களையும்
ஒரே அறைக்குக் கூப்பிட்டார்.
ஓரத்தில் முதலியாரே 'ஆகா' என்று கிறுக்கியிருந்தார்.
அதையும் கோத்துவிட்டேன். புரூப்பில் திட்டு விழுந்தது.

மை தேய்க்கும் கோ டின் கேட்டான்:
"மணிலா நமக்குக் கிட்டத்தானே, அது இப்போ யாருது?"
ஆறாம் வாரத்தில் மணிலா வந்திருக்க வேண்டும்.
பினாங்குக் கப்பல் விளம்பரம் பெரிதாகிவிட்டது.

என் மச்சான் சவரிராயன்
கெமெண்டைன் ஆலையில் மூட்டை தூக்குகிறான்.
நாளுக்குப் பத்தணா. மேஸ்திரிக்கு அதில் இரண்டணா.
ஐந்து வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
முதலியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
மேஸ்திரிகள் சந்தா கட்டுகிறவர்கள்.
"நல்லா எழுதியிருக்கே" என்றார்,
வெற்றிலைக் காம்பைக் கிள்ளி அதன்மேலேயே போட்டார்.

ஏழாம் வாரம் அவருக்குக் காய்ச்சல்.
பத்தியில் நாலு வரி குறைந்தது.
வெற்றிடம் விட்டால் பணம் போட்ட செட்டியார் கேட்பார்.
அதிபரின் வாயை நான் திறந்தேன்:

கூலியில் பங்கு கேட்கும் மேஸ்திரி
பகலில் வருகிற திருடன்.
நாளைக்கு இரண்டணா என்பது
வருஷத்துக்கு ஒரு மாடு.

அமெரிக்காவில் அணா ஏது என்று
ஒருவனும் கேட்கவில்லை.
ஆலையில் ஒருத்தன் உரக்கப் படிக்க
எழுபது பேர் கேட்டார்களாம்.
சம்பள நாளில் யாரும் இரண்டணாவை எடுத்து வைக்கவில்லை.
மேஸ்திரி அப்பலசாமி பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு
கொட்டகை கொட்டகையாக விசாரித்தாராம்:
"யார்ரா அந்த ரூ? எந்த ஆலைக்காரன்?"

மூன்று வாரம் தாங்கியது.
பிறகு பதினாறு பேரை நிறுத்தினார்கள்,
பட்டியலில் சவரிராயன் ஒன்பதாவது.
மற்றவர்கள் இரண்டணாவோடு
அரையணா அபராதமும் சேர்த்து வைத்தார்கள்.

அந்த வாரந்தான் தந்தி.
மறுபடி தேர்தலில் நிற்கிறவரை
கூட்டத்துக்குப் போகும் வழியில் சுட்டுவிட்டான் ஒருவன்.
சட்டைப்பையில் மடித்து வைத்த ஐம்பது பக்கப் பேச்சு.
குண்டு காகிதத்தைத் துளைத்து, களைத்து,
நெஞ்சில் நின்றுவிட்டது.
ரத்தச் சட்டையோடு ஒன்றரை மணி நேரம் பேசினாராம்.
முதலியார் அழுதே விட்டார்.

நான் எண்ணிப் பார்த்தேன்.
எங்கள் பத்திரிகை மொத்தம் நாலு பக்கம்.
எத்தனை தரம் மடிப்பது?

கப்பல் கூலி இல்லாமல் சவரிராயன்
என் பாயில் படுத்திருந்தான்.
அந்த நாலு வரி யாருடையது என்று
நான் சொல்லவில்லை.
இருட்டில் அவனாகவே சொன்னான்:
"அந்த மனுசன் பொய் சொல்லமாட்டார் மச்சான்.
இங்க வந்து பார்த்தாப்பல சொன்னாரே."

நவம்பரில் தோற்றார். ஒன்றரை வரிச் செய்தி.
எழுத்தைப் பிரித்து அறை அறையாகப் போட்டேன்.
மறுநாள் காலை அதே ரூ
நூறு கூடை நெல்லின் விலைக்கு முன்னால் நின்றது,
வால் கொஞ்சம் தேய்ந்து.